முன்கதவு ஸ்பீக்கருக்கு ஆம்ப்ளிஃபயர்: எத்தனை வாட் வேண்டும், எந்த வாட்டை நம்புவது?

அல்சூர்ச் சுருதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஓட்டுவது ஈராண்டுப் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். கம்பெனியிலிருந்து வந்த தொடுதிரை ஸ்டீரியோவை வாரண்டி முடியும்வரை மாற்றுவதாக இல்லை. முன்கதவுகளுக்கென ஆறரை அங்குலக் காம்பொனென்ட் ஸ்பீக்கர் செட் (கீழ்ச்சுருதிக்கு வூஃபரும் மேல்சுருதிக்கு ட்வீட்டரும் தனித்தனியாக உள்ளது) ஒன்றை ஏற்கெனவே வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன். அதன் பெட்டியில் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தாங்கும் ஆற்றல்) 80 வாட், பீக் (கண நேர உச்சம்) 240 வாட், இம்பீடன்ஸ் (மின்தடை) 4 ஓம், சென்சிடிவிட்டி (குறிப்பிட்ட வோல்ட்டில் எழும் ஒலியளவு) 2.83 வோல்ட்டில் 90 டெசிபல் என்று அச்சிட்டிருக்கிறார்கள். இதற்கு ஆம்ப்ளிஃபயர், அதாவது ஆம்ப், தேடித்தான் பெங்களூர் ஜே.சி. ரோட்டில், டவுன்ஹால் முனையிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை கடை கடையாக ஏறி இறங்கினேன்.

ஒரு கடைக்காரர் 2000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த நான்கு சேனல் ஆம்பை மேசைமேல் எடுத்து வைத்து, விலையைக் கேட்டால் நம்பமாட்டீர்கள் என்றார். உண்மையிலேயே நம்ப முடியாத அளவுக்குக் குறைவாகத்தான் இருந்தது. அடுத்த கடையில், ஸ்டீரியோவிலேயே 50 வாட் வீதம் நான்கு சேனல் இருக்கும்போது ஆம்ப் எதற்கு என்று கேட்டார்கள். இன்னொரு கடையில், சப்வூஃபர் (கீழ்ச்சுருதிக்கான பெரிய ஸ்பீக்கர்) இல்லாமல் ஆம்ப் மட்டும் போடுவது வீண்செலவு என்று சொல்லி, பத்து அங்குல சப்வூஃபர் ஒன்றைக் காட்டினார்கள்.

காலையில் அலுவலகம் போகும்போது கச்சேரிப் பதிவுகளும், திரும்பும்போது எண்பதுகளின் இளையராஜா பாடல்களும் கேட்பது என் வழக்கம். கண்ணாடி அதிர வேண்டும் என்ற ஆசை எனக்கில்லை. மிருதங்கத்தின் தொப்பியும் (கீழ்ச்சுருதி தரும் இடப்பக்கம்) வலந்தலையும் தனித்தனியாகக் கேட்டால் போதும். கேபிள், கூலி எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய்க்குள் முடிக்க எண்ணம். எந்த அளவு ஆம்ப் பொருந்தும் என்று விளக்க இயலுமா?

ஜாலஹள்ளி ஐயா எழுதியது:

முதல் இரண்டு கடைக்காரர்களும் வாட் என்று சொன்னாலும், பேசியது இரண்டு வேறு அளவுகளைப் பற்றி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஸ்டீரியோவின் 50 வாட். எஞ்சின் ஓடும்போது காரில் கிடைக்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். ஸ்டீரியோவுக்குள் இருக்கும் ஆம்ப் ஐ.சி.க்கு (சில்லுக்கு) அந்த வோல்ட்டேஜை உயர்த்திக்கொள்ளும் வசதி கிடையாது. பிரிட்ஜ் முறையில் (இரு முனைகளையும் எதிரெதிராக இயக்குவது) இயங்குவதால் ஸ்பீக்கரின் இரு முனைகளுக்கிடையே அந்த 14.4 வோல்ட் முழுவதையும் தரலாம். அதற்குமேல் ஒரு வோல்ட்கூடத் தர முடியாது. 14.4-ஐ அதே 14.4-ஆல் பெருக்கி 4 ஓமால் வகுத்துப் பாருங்கள், 51.8 வாட் வரும். பெட்டியில் அச்சாகும் 50 வாட் இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான்: ஒலியலை முற்றிலும் சதுரமாக வெட்டுப்பட்டு, பாட்டு இன்னதென்றே அடையாளம் தெரியாமல் இரையும் நிலையில் கிடைக்கும் வாட் அது. சுத்தமான சைன் அலைக்கு அதில் சரிபாதி, அதாவது 26 வாட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். ஐ.சி.க்குள் ஏற்படும் இழப்பையும் கழித்தால் சேனலுக்கு 18 முதல் 20 வாட் வரை மிஞ்சும். மெதுவாகக் கேட்பதற்கு இது தாராளம். தனியாவர்த்தனம் தொடங்கியதும் திணறும்.

அடுத்து அந்த 2000 வாட் ஆம்ப். மறுபடி ஜே.சி. ரோட்டுக்குப் போனால் அதைத் திருப்பி, கேபிள்கள் சொருகும் பக்கத்தைப் பாருங்கள். காரின் ஃபியூஸ் பெட்டியில் இருப்பவை போன்றே பிளேடு ஃபியூஸ் ஒன்றோ இரண்டோ அங்கே குத்தியிருக்கும். அதன் முதுகில் ஆம்பியர் எண் தெரியும். 25 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றுதான் என்றால், உள்ளே போகக்கூடிய மின்சாரம் 25 பெருக்கல் 14.4, அதாவது 360 வாட். ஏ.பி. வகுப்பு ஆம்ப் என்றால் அதில் சுமார் 60 சதவீதம் ஸ்பீக்கருக்குப் போகும், மீதி வெப்பமாகிப் போகும். ஆக மொத்தம் 216 வாட், சேனலுக்கு 54 வாட். டி வகுப்பு என்றால் 80 முதல் 90 சதவீதம்வரை வெளியே எடுக்கலாம். எப்படிக் கணக்கிட்டாலும் 25 ஆம்பியர் ஃபியூஸுக்குள்ளிருந்து 2000 வாட் வராது. ஃபியூஸ் கணக்கு துல்லியமான அளவீடு இல்லை. சில நல்ல நிறுவனங்கள் ஃபியூஸைச் சற்றுத் தாராளமாகவே வைக்கும். ஆனாலும் புளுகைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

நம்பத்தக்க எண் வேண்டுமானால், பெட்டியிலோ கையேட்டிலோ சி.இ.ஏ.-2006 அல்லது சி.டி.ஏ.-2006 என்ற குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். அமெரிக்க நுகர்வோர் மின்னணுச் சங்கம் 2003-இல் கொண்டுவந்த அளவீட்டு முறை அது. 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், மொத்தச் சிதைவு 1 சதவீதத்தைத் தாண்டாமல் எத்தனை வாட் தொடர்ந்து தர முடியும் என்பதை அந்த முறைப்படி அளந்து சொல்ல வேண்டும். உங்கள் ஸ்பீக்கருக்கு அந்த அளவீட்டில் சேனலுக்கு 70 முதல் 100 வாட் வரை தரும் எந்த ஆம்பும் பொருந்தும். பீக் 240 வாட் என்ற எண்ணை மறந்துவிடுங்கள். எதையும் தீர்மானிக்க அது உதவாது.

ஓசூர் பேஸ் எழுதியது:

ஐயா சொன்ன ஃபியூஸ் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 70 வாட் போதும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ். அளவைப்போல் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்குவரை ஆம்ப் இருக்க வேண்டும் என்றுதான் அனுபவமுள்ளவர்கள் சொல்வார்கள். குறைந்த வாட் ஆம்ப்தான் ஸ்பீக்கரைக் கருக்கும், கூடுதல் வாட் ஆம்ப் கருக்காது. நான் 80 வாட் ஸ்பீக்கருக்கு 150 வாட் கொடுத்து ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு நாள்தோறும் போய்வருகிறேன். இன்றுவரை ட்வீட்டர் ஒன்றுகூடப் போகவில்லை.

ஜாலஹள்ளி ஐயா எழுதியது:

ஓசூர்த் தம்பி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி பல ஆண்டுகளாகக் கடைகளில் கைமாறி வரும் பேச்சு, அதையும் பிரித்துப் பார்த்துவிடலாம்.

குறைந்த மின்சாரம் எந்த ஸ்பீக்கரையும் கருக்காது. கருக்குவது, கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலில் ஏறும் சூடு. நாம் எல்லாருமே வால்யூமைக் குறைத்து வைத்து 1 வாட்டில் மணிக்கணக்கில் கேட்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. ஆனால் 50 வாட் ஆம்பிடம் அதனால் இயலாத ஒலியைக் கேட்டு வால்யூமைத் திருகிக்கொண்டே போனால், அலையின் தலை வெட்டுப்படத் தொடங்கும். கிளிப்பிங் என்பது இதுதான். முற்றிலும் வெட்டுப்பட்ட சதுர அலை, அதே உயரமுள்ள சைன் அலையைப்போல் இரு மடங்கு ஆற்றலைச் சுமக்கும். 50 வாட் ஆம்ப் அப்போது 100 வாட்டை நெருங்கும். அதோடு, வெட்டுப்பட்ட அலையில் மூலப் பாடலில் இல்லாத உயர் அதிர்வெண்கள் கூடிவிடும். காம்பொனென்ட் செட்டின் கிராஸ்ஓவர் அவற்றைப் பிரித்து நேரே ட்வீட்டருக்கு அனுப்பிவிடும். செட்டுக்கு 80 வாட் என்று போட்டிருந்தாலும், அதில் ட்வீட்டரின் மெல்லிய காயில் தாங்கக்கூடியது மிகச் சிறு பங்குதான். முதலில் கருகுவது அது என்பதற்குக் காரணம் இதுவே.

ஆகவே தம்பியின் 150 வாட் ஆம்ப் அவர் ஸ்பீக்கரைக் காப்பாற்றவில்லை. அவர் எந்த வால்யூமில் கேட்கிறாரோ அந்த வால்யூமில் அது கிளிப் ஆகாமல் இருக்கிறது, அவ்வளவே. அதே ஆம்பின் கெயினைக் (உள்வரும் சிக்னலுக்கு ஆம்பைச் சேர்க்கும் திருகு) கூட்டி, பாஸ் பூஸ்ட்டையும் ஏற்றி, சிறுவன் ஒருவன் கையில் கொடுத்தால் அன்றைக்கே வூஃபர் காயில் வாசனை வரும். ஒன்றரை மடங்கு வரை போவதில் தவறில்லை. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டுமா என்பதைக் கொடுப்பவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

கம்மனஹள்ளி கானம் எழுதியது:

கூடுதல் பணம் என்ற பேச்சு வந்துவிட்டதால், வாட்டைக் காதுக்கு மாற்றிப் பார்க்கலாம். ஆற்றலை இரட்டித்தால் ஒலி 3 டெசிபல் கூடும். பத்து மடங்காக்கினால்தான் 10 டெசிபல் கூடி, காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு சத்தமாகத் தோன்றும். 75 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 1.25 டெசிபல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது பலருக்கும் கடினம். ஆனால் கடையில் அந்த 25 வாட்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் வித்தியாசம் வைத்திருப்பார்கள்.

இந்த வித்தியாசத்தைவிட ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி பெரிய விஷயம். 87 டெசிபல் ஸ்பீக்கரை 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு இணையாக ஒலிக்கவைக்க இரு மடங்கு ஆம்ப் வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உங்கள் பெட்டியில் 90 டெசிபல் என்பது 2.83 வோல்ட்டில் அளந்தது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் 1 வாட். 4 ஓமுக்கு அதே வோல்ட் 2 வாட் ஆகிவிடும். ஆகவே 1 வாட் கணக்கில் உங்களுடையது 87 டெசிபல் ஸ்பீக்கர்தான். இது ஏமாற்று வேலை இல்லை, அளக்கும் முறை வேறு என்பதோடு சரி. இருந்தாலும் இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது இரண்டுமே ஒரே முறையில் அளக்கப்பட்டவையா என்று பார்க்காவிட்டால் 3 டெசிபல் தவறிப்போகும். 87-இல் தொடங்கி 80 வாட் கொடுத்தால் இன்னொரு 19 டெசிபல் கூடி, ஒரு மீட்டரில் 106 டெசிபல் ஆகும். மூடிய காருக்குள் கச்சேரி கேட்க இதற்குமேல் எதுவும் வேண்டியதில்லை, காதுக்கும் நல்லதில்லை.

மிருதங்கத்தின் தொப்பி கேட்கவில்லை என்று பெரிய ஆம்ப் தேடுகிறவர்களுக்கு ஒரு கேள்வி: முன்கதவின் உள்பலகையைக் கழற்றிப் பார்த்தீர்களா? பல ஹேட்ச்பேக்குகளில் ஸ்பீக்கருக்குப் பின்னால் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருக்கும், அவற்றின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் மட்டும் ஒட்டியிருக்கும். கோனின் முன்பக்கத்து ஒலியும் பின்பக்கத்து ஒலியும் அந்த ஓட்டை வழியே கலந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முதலில் அழிவது கீழ்ச்சுருதிதான். அந்த ஓட்டைகளை அடைத்து, வெளித்தகட்டின் உட்புறம் அதிர்வை அடக்கும் பியூட்டைல் ஷீட் ஒட்டி, ஸ்பீக்கரை உறுதியான வளையத்தின்மேல் இறுக்கினால், அதே 20 வாட் ஸ்டீரியோவிலேயே கதவு வேறு மாதிரி பேசும். மழைநீர் வடியக் கதவின் அடியில் உள்ள துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். 40,000-இல் முதல் பங்கைக் கதவுக்கு ஒதுக்குங்கள் என்பதே என் கட்சி.

சில்க்போர்டு சிவப்பு எழுதியது:

இதுவரை யாரும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. இந்த ஊரில் கார் ஓட்டுகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

ஆல்டர்னேட்டரின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர், எஞ்சின் வேகமாகச் சுழலும்போது கிடைப்பது. ஐடிலில் பெரும்பாலும் அதில் பாதி அளவே வரும். நாம் சில்க்போர்டிலும் மாரத்தஹள்ளியிலும் கே.ஆர். புரம் பாலத்தடியிலும் நிற்பது ஐடிலில்தான். அதே நேரத்தில் ஏ.சி. ஊதியும் ரேடியேட்டர் விசிறியும் ஹெட்லைட்டும் வைப்பரும் சேர்ந்து அந்தப் பாதியை ஏற்கெனவே தின்றுகொண்டிருக்கும். இதற்குமேல் ஆம்ப் கேட்பதைப் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். சிறு பெட்ரோல் கார்களில் வரும் 35 ஆம்பியர்-மணிப் பேட்டரியை இப்படி நாள்தோறும் மணிக்கணக்கில் உறிஞ்சினால் அதன் ஆயுள் குறையும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். முன்பக்கம் 75 வாட் வீதம் இரண்டு, சப்வூஃபருக்கு 220 வாட், மொத்தம் 370 வாட். 85 சதவீதத் திறனுள்ள டி வகுப்பு ஆம்ப் இதற்கு 435 வாட் இழுக்கும், 13.8 வோல்ட்டில் அது 31.5 ஆம்பியர். 60 சதவீத ஏ.பி. வகுப்பு என்றால் இதுவே 45 ஆம்பியரைத் தொடும். பயப்பட வேண்டாம், இது இடைவிடாத சைன் அலைக்கான கணக்கு. பாட்டில் உச்சங்கள் கண நேரம் வந்து போகும், சராசரி இழுப்பு இதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடப் பெரும்பாலும் தாண்டாது. அதனால் இந்த அளவு ஆம்புக்கு ஆல்டர்னேட்டரை மாற்ற வேண்டியதில்லை, பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் போதும். ஆனால் 1000 வாட் உண்மையான ஆர்.எம்.எஸ். மோனோ ஆம்ப் ஒன்றைச் சிறு காரில் வைத்துவிட்டு, சிக்னலில் ஹெட்லைட் ஏன் தாளத்துக்கு மங்குகிறது என்று கேட்பதில் பொருளில்லை.

இன்னொன்று, வோல்ட்டேஜ் குறைந்தால் வாட்டும் குறையும். ஆம்பின் உள் மின்வழங்கி ஒழுங்குபடுத்தப்படாத வகையாக இருந்தால் (பெரும்பாலானவை அவ்வகையே), 14.4-இல் 100 வாட் தருவது 12.5-இல் 75 வாட்தான் தரும். அது 1.2 டெசிபல் என்பதால் காது கண்டுகொள்ளாது. ஆனால் உச்சத்தில் கிளிப் ஆவது சற்று முன்னதாகவே தொடங்கிவிடும். பெட்ரோலை மிச்சப்படுத்த, ஓட்டத்தின்போதே வோல்ட்டேஜை ஏற்றி இறக்கும் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் உங்கள் காரில் இருந்தால் இது அடிக்கடி நேரும்.

அல்சூர்ச் சுருதி எழுதியது:

ஐயாவுக்கும் கானம் அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் மிக்க நன்றி. நான்கு சேனல் டி வகுப்பு ஆம்ப் ஒன்றை மனத்தில் வைத்திருக்கிறேன். கையேட்டின்படி 4 ஓமில் 75 வாட் வீதம் நான்கு, 2 ஓமில் 110 வாட் வீதம் நான்கு, இரண்டிரண்டு சேனலை ஒன்றாக்கிப் பிரிட்ஜ் செய்தால் 4 ஓமில் 220 வாட் வீதம் இரண்டு. பின்கதவு ஸ்பீக்கர்களை ஸ்டீரியோவிலேயே விட்டுவிட்டு, முன் இரு சேனலில் காம்பொனென்ட்டும், பின் இரு சேனலைப் பிரிட்ஜ் செய்து பின்னாளில் சப்வூஃபரும் போடலாமா? கடையில் காட்டிய பத்து அங்குலம் இரட்டை வாய்ஸ் காயில் கொண்டது, ஒவ்வொன்றும் 4 ஓம், ஆர்.எம்.எஸ். 300 வாட்.

ஜாலஹள்ளி ஐயா எழுதியது:

ஆம்ப் சரியான தேர்வு. சப்வூஃபர்தான் அதற்குப் பொருந்தாது.

4 ஓம் காயில் இரண்டை இணையாகப் பிணைத்தால் 2 ஓம், தொடராகப் பிணைத்தால் 8 ஓம். 4 ஓம் வரவைக்க வழியே இல்லை. பிரிட்ஜ் செய்யும்போது ஒவ்வொரு சேனலும் சுமையில் பாதியைத்தான் பார்க்கும். 4 ஓம் ஸ்பீக்கரைப் பிரிட்ஜில் கொடுத்தால் ஒவ்வொரு சேனலுக்கும் அது 2 ஓம் போலத் தெரியும். உங்கள் ஆம்ப் 2 ஓம்வரை தாங்கும் என்பதால் பிரிட்ஜில் 4 ஓம் அதன் எல்லை. அங்கே 2 ஓமைக் கொடுத்தால் சேனலுக்கு 1 ஓம் ஆகும். நல்ல ஆம்ப் என்றால் பாதுகாப்பு விளக்கு எரிந்து அணைந்துவிடும், மட்டமானது என்றால் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் போய்விடும். 8 ஓமாகக் கொடுத்தால் ஆபத்தில்லை, ஆனால் 220 வாட் ஏறத்தாழ 110 முதல் 150 வாட்டுக்குள் சுருங்கிவிடும்.

எனவே இந்த ஆம்புக்கு 2 ஓம் காயில் இரண்டு கொண்ட சப்வூஃபரை வாங்கித் தொடராக இணையுங்கள், அல்லது 4 ஓம் ஒற்றைக் காயில் உள்ளதை வாங்குங்கள். ஒரே மாடலைக் கம்பெனிகள் பெரும்பாலும் இந்த வகைகள் எல்லாவற்றிலும் வெளியிடுகின்றன. கடையில் கையிருப்பில் இருப்பதைத் தலையில் கட்டுவார்கள், அதுதான் சிக்கல். மல்டிமீட்டரில் அளந்தால் 4 ஓம் காயில் 3.2 முதல் 3.6 ஓம் வரை காட்டும். அது டி.சி. மின்தடை, குறைபாடில்லை. முன்கதவு ஸ்பீக்கர்களிலும் இதைச் சரிபாருங்கள்: ஸ்டீரியோவின் குறைந்த வோல்ட்டிலேயே அதிக வாட் வாங்குவதற்காக, சில நிறுவனங்கள் 2 அல்லது 3 ஓம் ஸ்பீக்கர்களைச் செய்கின்றன. உங்களுடையது 4 ஓம் என்பதால் கவலையில்லை.

ஓசூர் பேஸ் எழுதியது:

அந்த 4 ஓம் இரட்டைக் காயில் சப்வூஃபரே பிடித்திருந்தால், இணையாகப் பிணைத்து 2 ஓமில் 300 வாட் தரும் மோனோ டி வகுப்பு ஆம்ப் ஒன்றைத் தனியாகப் போடலாம். அப்போது முன்பக்கத்துக்கு இரு சேனல் ஆம்ப் போதும். செலவு கூடும், ஆனால் பின்னாளில் எதை மாற்றினாலும் மற்றது பாதிக்கப்படாது. என் காரில் அப்படித்தான்.

கம்மனஹள்ளி கானம் எழுதியது:

கண்ணாடி அதிர வேண்டாம் என்று சுருதி முதலிலேயே சொல்லிவிட்டார், அதனால் நான்கு சேனல் ஒன்றே போதும் என்று நினைக்கிறேன். மிச்சமாகும் பணத்தை டி.எஸ்.பி. (ஒலியை டிஜிட்டல் முறையில் திருத்தும் சுற்று) பக்கம் திருப்பலாம்.

கம்பெனி ஸ்டீரியோவை வைத்துக்கொள்ளப் போவதால் ஒன்றைக் கவனியுங்கள். பல கம்பெனி ஸ்டீரியோக்கள் தம்மோடு வரும் மலிவான ஸ்பீக்கருக்கேற்ப ஒலியைத் திருத்தியே வெளியே விடும். வால்யூமைக் கூட்டக் கூட்டக் கீழ்ச்சுருதியைத் தானாகக் குறைத்துவிடும், அந்தக் காகித ஸ்பீக்கர் கிழியாமல் இருப்பதற்காக. நீங்கள் எவ்வளவு நல்ல ஆம்பைப் போட்டாலும் அது இந்தத் திருத்திய ஒலியைத்தான் பெருக்கித் தரும். ஸ்பீக்கர் வயரிலிருந்து நேரே சிக்னல் வாங்கும் ஹை லெவல் இன்புட்டோடு, உள்ளேயே டி.எஸ்.பி. கொண்ட ஆம்ப் கிடைத்தால், இதைப் பெருமளவு நேர்செய்யலாம். ஓட்டுநர் பக்கத்து ஸ்பீக்கரைச் சில மில்லி விநாடி தாமதப்படுத்தி, பாடகரை டேஷ்போர்டின் நடுவில் நிறுத்தவும் முடியும்.

வயரை வெட்டாமல் உங்கள் கார் மாடலுக்கான கப்ளர் (இடையில் சொருகும் இணைப்பான்) கேட்டு வாங்குங்கள். வாரண்டிக்கு அதுதான் பாதுகாப்பு. ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் வயர்களில் நெகட்டிவ் என்று குறித்திருப்பதையும் பாடியோடு சேர்க்கவே கூடாது. ஐயா சொன்ன பிரிட்ஜ் முறையில் அந்த இரண்டு முனையிலுமே பேட்டரி வோல்ட்டில் பாதி நின்றுகொண்டிருக்கும். பாடியில் தொட்டால் ஸ்டீரியோவின் ஐ.சி. போய்விடும். பல ஆம்ப்கள் அந்தப் பாதி வோல்ட்டை உணர்ந்துதான் தாமாக ஆன் ஆகின்றன.

அல்சூர்ச் சுருதி எழுதியது:

கெயினை எப்படி வைப்பது? கடையில் பாட்டைப் போட்டுக் காதால் கேட்டுத் திருகிவிடுகிறார்கள்.

ஜாலஹள்ளி ஐயா எழுதியது:

சுருதிப்பெட்டியைப் பாடகரின் குரலுக்குச் சேர்ப்பதுபோல, ஸ்டீரியோ அனுப்பும் சிக்னலின் அளவுக்கு ஆம்பைச் சேர்க்கும் திருகுதான் கெயின். அதை வால்யூமாக நினைத்துக் கடைசிவரை திருகுவதால்தான் பல ஆம்ப்கள் நல்லவையாக இருந்தும் கெட்ட பெயர் வாங்குகின்றன.

செய்முறை இதுதான். ஸ்பீக்கர் வயர்களை ஆம்பிலிருந்து கழற்றிவிடுங்கள். ஸ்டீரியோவில் பாஸ், ட்ரெபிள், லவுட்னஸ் அனைத்தையும் நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள்; போனில் உள்ள ஈக்வலைசரையும் அணைக்க மறக்காதீர்கள், அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். ஆம்பின் கெயினை முழுக்கக் குறைத்து, பாஸ் பூஸ்ட்டைப் பூஜ்யத்தில் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீரியோ வால்யூமை முக்கால் பங்குக்கு ஏற்றுங்கள். சைன் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வையுங்கள். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நீங்கள் நிறுத்த வேண்டிய வோல்ட் கிடைக்கும். 75 வாட், 4 ஓம் என்றால் 300-இன் வர்க்கமூலம் 17.3 வோல்ட். சப்வூஃபரின் 220 வாட், 4 ஓமுக்கு 29.7 வோல்ட். மெதுவாகத் திருகி, அந்த எண் வந்ததும் கையை எடுத்துவிடுங்கள்.

முன்பக்கத்துக்கு 1000 ஹெர்ட்ஸ் டோன் என்று இணையத்தில் சொல்வார்கள். எஸ்.பி. ரோட்டில் வாங்கும் மலிவான மல்டிமீட்டர்கள் பலவும் 400 ஹெர்ட்ஸ் வரைதான் ஏ.சி. வோல்ட்டைச் சரியாக அளக்கும், அதற்குமேல் குறைத்துக் காட்டும். குறைத்துக் காட்டினால் நீங்கள் கெயினைக் கூடுதலாகத் திருகிவிடுவீர்கள். ஆகவே முன்பக்கத்துக்கு 400 ஹெர்ட்ஸ், சப்வூஃபருக்கு 50 ஹெர்ட்ஸ் போதும்.

அதன்பின் கிராஸ்ஓவர். முன்கதவுக்கு ஹை பாஸ் (அதற்குக் கீழுள்ளதை வெட்டுவது) 80 ஹெர்ட்ஸ். ஆறரை அங்குல கோன் தன்னால் இயலாத கீழ்ச்சுருதிக்காக முன்னும் பின்னும் பாய்ந்து வீணாவதை அது தடுக்கும். சப்வூஃபர் வரும்வரை 60-க்கு இறக்கிக்கொள்ளலாம். வந்தபின் அதற்கு லோ பாஸ் (மேலுள்ளதை வெட்டுவது) 80. துளையுள்ள பெட்டி என்றால் சப்சோனிக் ஃபில்ட்டர் (மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டுவது) 25 முதல் 30 ஹெர்ட்ஸுக்குள்.

சில்க்போர்டு சிவப்பு எழுதியது:

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 8 கேஜ் செம்புக் கேபிளில் 40 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.4 வோல்ட் தொலைந்துவிடும், அதைவிடத் தடிமனான 4 கேஜில் 0.16 வோல்ட்தான். அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய கேபிளின் கடத்துதிறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. செட்டாக மலிவு விலையில் விற்பவை பெரும்பாலும் அதுவே. முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். உறை தடிமனாகவும் உள்ளே கம்பி மெலிதாகவும் இருப்பதும் உண்டு.

ஆம்பை முன்சீட்டுக்கு அடியில் வைப்பது எளிது. ஆனால் மழையில் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கும் ஊர் இது, கார்ப்பெட் ஒருமுறை நனைந்தால் ஆம்பும் நனையும். பின்சீட்டின் முதுகில் பலகை வைத்து மாட்டுவது மேல். எர்த் வயரை அரை மீட்டருக்குள் முடித்து, பெயிண்ட்டைச் சுரண்டி வெறும் தகட்டில் போல்ட் போட்டு இறுக்குங்கள். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி பெரும்பாலும் மோசமான எர்த்திலிருந்தே பிறக்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் கரண்ட் சென்சார் உள்ள கார்களில் எர்த்தை நேரே அந்த முனைக்குக் கொண்டுபோகக் கூடாது, சென்சார் கணக்குத் தப்பிவிடும்.

அல்சூர்ச் சுருதி எழுதியது:

முடிவு செய்துவிட்டேன்: முதலில் கதவு வேலை, பிறகு டி.எஸ்.பி.யோடு கூடிய நான்கு சேனல் டி வகுப்பு ஆம்ப், 4 கேஜ் செம்புக் கேபிள். 40,000-இல் சப்வூஃபருக்கு இடமில்லை. பின்னாளில் 2 ஓம் இரட்டைக் காயில் வாங்கிக்கொள்கிறேன். ஆம்பில் 25 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருக்கின்றன. பேட்டரியருகே போடும் ஃபியூஸ் எத்தனை ஆம்பியர்? கடையில் 100 போடச் சொல்கிறார்கள்.

ஜாலஹள்ளி ஐயா எழுதியது:

60 போதும். தரமான 4 கேஜ் செம்புக் கேபிள் 100-ஐத் தாங்கும்தான், ஆனால் 50 ஆம்பியர் ஆம்புக்கு அவ்வளவு தேவையில்லை. அந்த ஃபியூஸ் ஆம்பைக் காக்க வைப்பதில்லை. கேபிள் எங்காவது உரசிப் பாடியில் தொட்டால் தீப்பிடிக்காமல் காக்க வைப்பது. அதனால் எண்ணைவிட இடம் முக்கியம்: பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கேபிள் எஞ்சின் அறைச் சுவரைத் துளைத்து உள்ளே வரும் இடத்தில் ரப்பர் குரோமெட் (துளை விளிம்பு கேபிளை உரசாமல் காக்கும் வளையம்) போட்டிருக்கிறார்களா என்று வண்டியை எடுக்கும் முன் நீங்களே குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.